உன் அக்காவுக்குச் சேர்த்த சாமான்

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். அதை விசாரிக்க நான் பேனாவைத் தேடி எடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு எழுத வரும் என்பதே உனக்கு மறந்து போயிருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகுதான் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினார்கள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா, ஆபீஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன் பெண்டாட்டி கண்ணில் படும். பட்டால் படட்டும், அவளுக்கும் இதில் ஒரு வரி இருக்கிறது.

போன மாதத்து மழையில், லயத்து வரிசையில் நம் காம்பரா அறையில் அட்டல் இறங்கிவிட்டது என்று சொன்னேன் அல்லவா. அடுப்புக்கு மேலே அப்பா பலகை அடித்துக் கட்டிய அட்டல். அதில்தான் உன் அக்கா புஷ்பராணியின் கல்யாணத்துக்கு என்று இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த சாமான் எல்லாம் இருந்தது. பலகை உளுத்து வளைந்து, ஒரு பக்கம் சரிந்து, ஒரு குடம் உருண்டு விழுந்து என் காலடியில் வந்து நின்றது. பக்கத்துக் காம்பரா ஆட்கள் ஓடி வந்து எல்லாவற்றையும் இறக்கி முன் திண்ணை இஸ்தோப்பில் அடுக்கினார்கள். அடுக்கினால் வாசல் நிறைந்து, படி நிறைந்து, தண்ணீர் ஓடுகிற காணு ஓரம் வரைக்கும் போனது. சில்வர் குடம் ஒன்பது, அண்டா, தேக்சா, தாம்பாளம், தூக்குப் போணி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் டப்பா வரிசை. பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர் ஒன்று, அதன் உத்தரவாதச் சீட்டைக் கரையான் தின்றிருந்தது. எல்லாவற்றின் அடியிலும் "பெ. புஷ்பராணி" என்று பெயர் வெட்டியிருக்கிறது. லயத்துப் பொம்பிளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய வசவு என்று உனக்குத் தெரியாது, நீ கொழும்பில் இருக்கிறாய்.

இந்தச் சாமானை வைத்துக்கொள்வதா, நாமே பாவிப்பதா, விற்பதா என்று உன்னைக் கேட்டுத்தான் அன்றைக்குப் போன் போட்டேன். நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வித்துடுங்கம்மா. பழைய சாமான்காரன் வந்தா அள்ளிக் குடுத்துடுங்க. அக்காவுக்கு இனிமே அதெல்லாம் எதுக்கு?" என்றாய். எனக்குக் காது மந்தம் என்று போனைச் சத்தமாக வைத்திருந்தேன். உன் அக்கா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றாள். அவள் காதில் உன் பேச்சு முழுதாக விழுந்தது. படங்கை உதறிக் கொடியில் போட்டாள். கால் கழுவினாள். உனக்குப் பிடிக்கும் என்று வைத்திருந்த பலாக்கொட்டையை எடுத்து, "அவன் வரப்போறதில்ல" என்று அவிக்கப் போட்டாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ திருப்பிக் கூப்பிடவில்லை.

நீ கேட்ட கேள்வி சரியான கேள்விதான். இனிமேல் எதற்கு? நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, கல்யாணம் இல்லை, எதற்கு இத்தனை சாமான்? ஆனால் அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தனை சாமான் சேர்ந்த பிறகும் ஏன் கல்யாணம் நடக்கவில்லை? அதை நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது உனக்கு வசதியாக இருந்தது. நானே சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பா செத்துப் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. மறு வருஷமே மஸ்கெலியாவிலிருந்து ஒரு வரன் வந்தது. புடைவைக் கடையில் வேலை பார்க்கிற பையன், குடி கிடையாது, பார்க்கவும் லட்சணமாக இருந்தான். உன் அக்கா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அவளுடைய கால் விரல் மட்டும் எனக்குத் தெரிந்தது. அவள் பேர் போட்டு வருகிற சம்பளம் நின்றால் உன் படிப்பு நிற்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "புள்ளைக்கு இன்னும் சாமான் சேரலைங்க. ஒரு அண்டா இல்ல, குத்துவிளக்கு இல்ல, வெறுங்கையோட எப்படி அனுப்புறது?" என்றேன். அந்தப் பையனின் அம்மா நல்ல மனுஷி. "எங்களுக்குச் சாமான் வேணாங்க அக்கா. புள்ளைய மட்டும் குடுங்க" என்றாள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். "நாங்க ஒண்ணும் இல்லாத குடும்பம்னு நெனச்சிட்டீங்களா? புருஷன் இல்லாட்டியும் எம் புள்ளைய மரியாதையாத்தான் அனுப்புவேன்" என்று கத்தினேன். லயமே கேட்டது. என்னை ரோஷக்காரி என்று மெச்சினார்கள். அந்தம்மா டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனாள். உன் அக்காகூட அன்றைக்கு என்னைப் பெருமையாகப் பார்த்தாள், பாவி.

அதற்குப் பிறகு சாமான் சேர்ப்பது ஒரு வேலையாகவே போனது. சம்பளம் எடுத்த மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறுவேன். அவளே தேர்ந்தெடுப்பாள், தட்டித் தட்டிச் சத்தம் பார்ப்பாள். கடை வாசலில் ஒரு ஆள் மெஷின் வைத்துப் பெயர் வெட்டிக் கொடுப்பான், அவன் வெட்டி முடிக்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய கைச் சம்பளத்தில், அவளுக்கே, அவள் போகாத வீட்டுக்குச் சாமான். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் வரும்போது அவளுக்குச் சாப்பிட ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுப்பேன்.

இனி வருவதில் உனக்கும் பங்கு உண்டு. அவளுக்கு இருபத்தாறு வயதில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவனுக்குக் கேட்டு வந்தார்கள். அந்த நேரம் நீ ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாய். சாமானோ நிறைந்துவிட்டது. அண்டா வந்துவிட்டது, பித்தளைக் குத்துவிளக்கும் வாங்கியாகிவிட்டது, ஒரு சாக்குச் சொல்ல அட்டலில் இடம் இல்லை. அவர்கள் வருவதற்கு நாலு நாளைக்கு முன்னால் கங்காணி வீட்டில் கல்யாணம். நான் அந்தக் குத்துவிளக்கை இறக்கி, பேப்பர் சுற்றி, கல்யாணப் பரிசாக உன் கையில் கொடுத்தேன். நீ கேட்டாய், "இது அக்கா விளக்குத்தானேம்மா?" நான் சொன்னேன், "பேசாமத் தூக்கு." நீ பேசாமல் தூக்கினாய். பிறகும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். "எல்லாம் இருக்குங்க, விளக்குத்தான் இல்ல. விளக்கில்லாம பொம்பிளப் புள்ளைய அனுப்பினா ஆகாது. தை வரைக்கும் பொறுங்க." அவர்கள் தை வரைக்கும் பொறுக்கவில்லை, கார்த்திகையிலேயே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். விளக்கு எங்கே என்று உன் அக்கா கேட்டாள். "தம்பி படிப்புக்கு அடகு வச்சேன் பாப்பா" என்றேன். அவள் அட்டலைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, அவன் படிச்சாப் போதும்" என்றாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் உன் பெயரைச் சொன்னேன்.

உன் படிப்புக்காகத்தான் செய்தேன் என்று என்னால் இங்கேயே நிறுத்திக்கொள்ள முடியும். நிறுத்தினால் நான் தியாகி, நீ நன்றிக்கடன் பட்ட மகன். அது பொய். அவளுக்கு முப்பத்தொரு வயதில் மூன்றாவதாக ஒரு வரன் வந்தபோது நீ வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்க ஆரம்பித்துவிட்டாய். அப்போதும் நான் சொன்னேன்: "இதெல்லாம் பழைய மாடலுங்க. இப்ப யாரு பித்தளை கேக்குறா? ரைஸ் குக்கர், பிளெண்டர் எல்லாம் வாங்கணும்." அந்தத் தடவை உன் படிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. நான் காலைப் பெரட்டுக்கு நின்று மலை வேலைக்குப் போன காலம் முடிந்திருந்தது. முழங்கால் வீங்கும், அவள் வந்து வெந்நீர் வைத்து ஒற்றிவிடுவாள். அது எனக்குப் பழகிவிட்டது. தனியாக ஒரு காம்பராவில் கிடக்க எனக்குப் பயம். அதற்காக என் பிள்ளையைக் கட்டிப் போட்டேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் கிடையாது. அதற்கடுத்த வருஷம் உன் கல்யாணம் வந்தது. பூப்போட்ட அந்த டின்னர் செட்டை நான் உன் பெண்டாட்டிக்குக் கொடுத்தேனே, அதுவும் அட்டலில் இருந்து இறக்கியதுதான். பீங்கானில் பெயர் வெட்ட முடியாது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. பொதி கட்டும்போது உன் அக்காதான் வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். உன்னோடு போனில் பேசிய மறுநாள் உன் அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நான் கல்யாணம் செஞ்சிக்கப் போறேன்" என்றாள். ஆள் பெயர் சந்திரன். பொல்பிட்டியவில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவருடைய தங்கச்சியை நம் கீழ் லயத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது, அங்கே வந்து போகிற பழக்கம். இரண்டு வருஷமாகப் பேச்சாம். எனக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள், தம்பி. இந்த வயதில், இவ்வளவும் செய்த பிறகு, என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. "சந்தோசம் பாப்பா. ஆனா குத்துவிளக்கு இல்லாம எப்படி? ஒரு விளக்கு வாங்கிர்றேன், அது வரைக்கும் பொறு" என்றேன்.

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், வாயை மூடிக்கொண்டு. "வெளக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். "கங்காணி வீட்டுல சாமி படத்துக்குக் கீழ இருக்கு. அவங்க பேரப்புள்ளைக்குப் பேர் வைக்கிறப்ப ஒத்தாசைக்குப் போனேன். புளி போட்டு வெளக்கச் சொல்லி எங் கையிலதான் குடுத்தாங்க. கவுத்துப் பார்த்தேன், எம் பேரு இருந்துச்சு. அடகு வச்ச வெளக்கு கங்காணி வீட்டுக்கு எப்படிப் போகும்?"

அந்த விளக்கைக் கண்டபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பதினைந்து வருஷம் அவள் அதை வைத்துக்கொண்டே என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். மூன்றாவது வரனுக்கு நான் ரைஸ் குக்கர் கதை சொன்னபோது பக்கத்தில் நின்று டீ ஊற்றியிருக்கிறாள். பிறகு ஹட்டனுக்கு வந்து அந்த ரைஸ் குக்கரை அவளே தேர்ந்தெடுத்தும் இருக்கிறாள். "ஏன் பாப்பா கேக்கல?" என்றேன். "கேட்டா நீங்க அழுவீங்க. அப்புறம் நான்தானே ஒங்களத் தேத்தணும்" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால்கூடப் பட்டுக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

சாமானை என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன், முதல் தடவையாக. எடுத்துக்கொண்டு போ, அவர் கடைக்காவது உதவும், அண்டாவும் தேக்சாவும் இப்போது வாங்கப் போனால் யானை விலை என்றேன். "ஒரு கரண்டி வேணாம்" என்றாள். கோவிலுக்குக் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். கீழ் லயத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கட்டுமா என்றதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தாள். "தம்பிதான் சொல்லிட்டானே, வித்துடலாம்" என்றாள்.

புதன்கிழமை பழைய சாமான் எடுக்கிற முஸ்லிம் பெரியவர் லொறியோடு வந்தார், நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடுவோமே, அவர்தான். ஒரு குடத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதெல்லாம் ஒரு நாள்கூட பாவிக்காத சாமான். பழைய இரும்புக்குப் போடுறதா? நான் கடையில குடுத்துப் பார்க்கிறேனே" என்றார். உன் அக்கா சொன்னாள்: "வேணாம் நானா. இங்கயே நசுக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. எம் பேரு இன்னொருத்தர் வீட்டு அடுப்படியில கெடக்க வேணாம்." அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேறு என்ன செய்வேன். அவர் லொறியிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்தார். ஒன்பது குடம், ஒவ்வொன்றாக. லயத்து ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். நானா இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார், இரண்டு தடவையும் அவள் அடுத்த சாமானை எடுத்துக் காலடியில் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ரைஸ் குக்கர் முறை வந்தபோது நான் உள்ளே போகப் பார்த்தேன். "நில்லுங்கம்மா, கொஞ்சந்தான் இருக்கு" என்றாள். நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஹட்டனில் கோவிலில் சந்திரன் தாலி கட்டினார். அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. உன்னைக் கூப்பிடவா என்று கேட்டேன், "அவனுக்கு லீவு கெடைக்காது" என்றாள். மனுஷர் நல்லவராகத் தெரிகிறார், என்னை அத்தை என்று கூப்பிட்டு, பஸ்ஸில் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். நான் ஏறும்போது உன் அக்கா சொன்னாள்: "வருசத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க, சாப்பிட்டுப் போங்க. தங்க வராதீங்க. தம்பிக்குச் சொல்லி விடுங்க, வந்து கூட்டிட்டுப் போகட்டும்." அதைச் சொல்லும்போது என் சேலைத் தலைப்பைச் சரி செய்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கென்று எதையும் சேர்க்காதே. சேர்த்தால் அவள் கையில் கொடு, அட்டலில் வைக்காதே. உன் வீட்டில் இருக்கிற அந்த டின்னர் செட்டையும் இனிமேல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்க வேண்டாம். அதில் தினமும் சாப்பிடுங்கள், உடைந்தால் உடையட்டும். அது யாருடையது என்று உன் பெண்டாட்டியிடம் நீயே சொல். அக்காவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று கிளம்பாதே. நீ அழுதால் உன்னையும் அவள்தான் தேற்ற வேண்டும்.

இனி என் விஷயம். அட்டல் இறங்கிய பக்கம் கூரை ஒழுகுகிறது, படி இறங்கித் தண்ணீர் பிடிக்க என்னால் முடிவதில்லை, கீழ் லயத்துப் பிள்ளை ஒன்று பிடித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ சொல்வாய்: "பெரிய வீடு எடுத்ததும் ஒங்களக் கூட்டிட்டுப் போறேம்மா." ஐந்து தீபாவளியாகச் சொல்கிறாய். ஒரு வருஷம் வீடு சின்னது, ஒரு வருஷம் பிள்ளைக்கு ஸ்கூல் மாறுகிறது, போன வருஷம் மாடிப்படி எனக்கு ஏறக் கஷ்டம். நான் "அவசரமில்ல சாமி" என்று சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இந்தத் தொழிலில் உன்னைவிட நான் பழையவள். எனக்கே நீ விளக்கு இல்லை என்று சொல்கிறாய்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை வைத்துக்கொள்ள உனக்கு மனம் இல்லை என்றால், அதை நேராக எழுதிவிடு. ஒரே வரி போதும், நான் சாகமாட்டேன். "ஒன்ன அனுப்ப மாட்டேன்" என்று உன் அக்காவிடம் நான் ஒரு நாளாவது முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், அவள் இருபது வயதிலேயே அந்த மஸ்கெலியாப் பையனோடு ஓடிப் போயிருப்பாள்.

அம்மா